நாணலுக்கு அந்தப் பக்கம்

இது நடந்தது தங்கமுத்துவுக்கு. நாமக்கல்லில் நாற்பது வருடம் லாரிக்கு பாடி கட்டியவர். பொய் சொல்ல வராது. சொன்னாலும் இரண்டு நிமிடத்தில் மாட்டிக்கொள்வார். யாராவது பேய் என்று பேச்செடுத்தால், லாரிக்கு வாங்குவது போல அதற்கு எஃப்.சி. சான்றிதழ் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள் என்பார். இப்போது அந்தக் கேலி இல்லை. நடந்தது நடுராத்திரியிலும் இல்லை. போன ஆடி மாதம், நல்ல வெயில், உச்சிப்பொழுது.

மேட்டூரில் தண்ணீர் திறந்து நாலாவது நாள். புதுத் தண்ணீர் வந்ததும் சினைக் கெண்டைகள் ஓட்டத்தை எதிர்த்து ஏறும். கரையோர நாணலுக்குள் புரண்டு முட்டை விடும். தூண்டில்காரர்களுக்கு அதுதான் திருவிழா. இரண்டு வருடம் முன்பு, இதே சமயத்தில், அவர் மனைவி மயிலம்மாள் சேலத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பத்து நாள் பக்கத்திலேயே இருந்தவர், கெண்டை ஏறுகிறது என்று கேள்விப்பட்டதும் ஒரே ஒரு பொழுது ஆற்றுக்கு ஓடி வந்தார். போனை அணைத்து வைத்திருந்தார். அந்தப் பொழுதில் மயிலம்மாள் போய்விட்டாள்.

மகள் அறிவுச்செல்வி காரியம் முடிந்த அன்றோடு பேச்சை நிறுத்தினாள். சேலம் ஃபேர்லேண்ட்ஸில்தான் இருக்கிறாள். முதல் மூன்று மாதம் தினமும் கூப்பிட்டுப் பார்த்தார், அவள் எடுக்கவில்லை. நேரில் போகலாம். எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது? வீட்டில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், எந்நேரமும் ஓடும் டிவி. அதுதான் இரண்டு வருட வாழ்க்கை.

மோகனூருக்கு மேற்கே ஆள் வராத ஒரு துறை உண்டு. பதினொன்று நாற்பதுக்கு அங்கே தண்ணீரை ஒட்டிய பாறையில் உட்கார்ந்தார். இடப்பக்கம் ஆளுயர நாணல். தவிடும் கடலைப் புண்ணாக்கும் பிசைந்த உருண்டையை முள்ளில் வைத்து வீசினார். பன்னிரண்டுக்குள் மூன்று கெண்டை விழுந்தது.

நாணலுக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள்.

"எத்தனையாச்சுங்க?"

"மூணுங்க."

"நமக்கும் மூணுங்க."

தங்கமுத்துவுக்குச் சந்தோஷமாக இருந்தது. காலையிலிருந்து டீக்கடைக்காரரைத் தவிர யாரும் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. முகம் தெரியாவிட்டால் என்ன, பேச்சுத்துணைதானே என்று நினைத்துக்கொண்டார்.

பன்னிரண்டு இருபதுக்குப் பெரிய மீன் ஒன்று பிடித்து இழுத்தது. இரண்டு கையாலும் கோலைப் பிடித்துக் கால் மணி நேரம் மல்லுக்கட்டிக் கரையேற்றினார். வயிறு முட்டச் சினை. அதைக் கொண்டுபோக மனம் வரவில்லை. சத்தமில்லாமல் தண்ணீரிலேயே விட்டுவிட்டார்.

"எத்தனையாச்சுங்க?"

விளையாட்டாக நாலு என்றார்.

"ஒண்ண உட்டுட்டீங்களே... நமக்கும் மூணுதானுங்க."

நடுவில் இவ்வளவு நாணல். எப்படித் தெரிந்தது? அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. அந்தப் பக்கம் தூண்டில் விழுந்த சத்தம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. மூன்று மீன் பிடித்தவன் பக்கத்தில் ஒரு துள்ளல் சத்தம்கூட இல்லை. காது மந்தமாகிவிட்டது போல என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டார்.

பன்னிரண்டு ஐம்பது.

"ஊட்டுல யாரு இருக்கறாங்க?"

சாதாரணக் கேள்விதான். மகள் நினைவு வந்தது. கூடவே கோபமும், வெட்கமும்.

"யாருமில்லீங்க."

பிறகு அதே குரல், மிகப் பக்கத்தில்...

"அப்ப நீங்க திரும்பலீன்னா... தேட ஆளில்லீங்க."

அதுவரை நாணலுக்குள் கெண்டைகள் சளக் சளக்கென்று புரண்டுகொண்டிருந்தன. அந்தச் சத்தம் நின்றது.

பாறைமேல் தண்ணீர் ஏறியிருந்தது. கணுக்கால் அளவு. அவசரமாக எழுந்தார். வலது கால் வரவில்லை. அவருடைய தூண்டில் நரம்பே காலில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. மறுமுனை நாணலுக்குள் போனது.

யாரோ இழுத்தார்கள்.

மீன் வெட்டி வெட்டி இழுக்கும். இது அப்படியில்லை. நிதானமாக... ஒரே சீராக...

பாறையிலிருந்து சறுக்கினார்.

இடுப்பளவு.

"மக இருக்கறா," என்றார். "சேலத்துல எனக்கு மக இருக்கறா."

"கூப்புடுங்க... பாக்கலாம்."

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். மணி ஒன்று ஏழு. மகள் எண்ணை அழுத்தினார்.

மணி அடித்தது.

இரண்டு...

நான்கு...

மார்பளவு.

ஏழு...

"அப்பா?"

நரம்பு தளர்ந்தது.

கரையில் எவ்வளவு நேரம் கிடந்தார் என்று அவருக்கே தெரியாது. போகும்போது மேட்டில் ஏறி நாணலுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். அங்கே உட்கார இடமே இல்லை. கரை செங்குத்தாக இறங்கியது. கீழே ஆழமான மடு.

சாயங்காலம் அறிவுச்செல்வி பஸ் ஏறி வந்துவிட்டாள். அப்பாவைப் பார்த்ததும் வாசலிலேயே அழுதாள். அவரும் அழுதார். ரசம் வைத்துக் கொடுத்தாள். சாப்பிடும்போதுதான் அவர் கேட்டார், இத்தனை நாள் எடுக்காதவள் இன்றைக்கு மட்டும் எப்படி எடுத்தாள் என்று.

அவள் தன் போனைக் காட்டினாள். அவர் எண்ணிலிருந்து அன்று இரண்டு அழைப்பு வந்திருந்தது. மணி ஒன்று ஏழுக்கு ஒரு அழைப்பு. அதற்கு முன்னால், பன்னிரண்டு இருபதுக்கு ஒன்று.

அவர் போனில் ஒன்று ஏழுக்குக் கூப்பிட்டது மட்டும்தான் இருந்தது.

"ரொம்ப நாளைக்கப்பறம் உங்க நம்பரப் பாத்ததும் எடுத்துட்டேன், ஆனா மொதல்ல பேசுனது நீங்க இல்லீங்கப்பா. யாரோ ஒருத்தர். தங்கமுத்துக்கு நீங்க என்ன வேணுமுங்கன்னு கேட்டாரு. எனக்கிருந்த கோவத்துல... நான் யாருமில்லீங்கன்னு சொல்லிப்போட்டேன். அப்பறம் மனசு கேக்கல. போனக் கையிலயே வெச்சுட்டு உக்காந்திருந்தேன்."

அதற்கு அந்த ஆள் என்ன சொன்னான் என்று தங்கமுத்து கேட்டார். அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"'சரீங்க சாமி. அப்ப நாங் கூட்டிட்டுப் போறேனுங்க'ன்னாரு."