கைப்பிடிக் கம்பியும் மடிப்புடவையும்

தொண்ணூறுகளின் நடுவில், திருநெல்வேலிக்கு வெளியே ஆற்றங்கரையில் இருந்த ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருந்தேன். அங்கேயே தங்கி வேலை. யாரும் விழாமல் பார்த்துக்கொள்வதுதான் அதில் முக்கால்வாசி. மருந்து மாத்திரையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அங்கிருந்தவர்களோ, என் ஏற்பாடுகளைக் கெடுப்பதற்கென்றே உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள். வழுக்காமல் இருக்கட்டும் என்று பாத்ரூமில் ரப்பர் பாய் வாங்கிப் போட்டேன். ஒருவர் அதைச் சுருட்டி, புதுசு அழுக்காகிவிடும் என்று தன் கட்டிலுக்கடியில் பத்திரப்படுத்திவிட்டார். வராந்தாவில் விடிய விடிய எரிய ஒரு பல்ப் போட்டால், கரண்ட் வீணாகிறதென்று இன்னொருவர் அணைத்துவிட்டு, இருட்டில் சுவரைத் தடவித் தடவி அறைக்குத் திரும்புவார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்து என்ன செய்ய, எல்லோரும் என்னைவிட முப்பது நாற்பது வயது மூத்தவர்கள்.

அவர்களில் ஒரு போஸ்ட்மாஸ்டர் சார் இருந்தார். ஓய்வு பெற்று இருபது வருடமாகியும் எல்லோருக்கும் அவர் போஸ்ட்மாஸ்டர்தான். ஒரே வருடத்தில் இரண்டு தடவை விழுந்திருந்தார். இன்னொரு தடவை விழுந்தால் பம்பாய்க்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று மகள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மகள் வீட்டில் முன்பு மூன்று மாதம் இருந்து பார்த்தவர் அவர்.

“அங்கே என்கிட்ட தினமும் பேசினவன் லிப்ட்காரன் ஒருத்தன்தான், சிஸ்டர். அவனும் எத்தனாவது மாடின்னு மட்டும்தான் கேப்பான்” என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்காது.

அவருக்காகவே டாக்டரிடமும் நிர்வாகத்திடமும் மல்லுக்கட்டி, அறைகளிலிருந்து பாத்ரூம் வரை வராந்தாச் சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கைப்பிடிக் கம்பி போட வைத்தேன். மறுபக்கம் திறந்த முற்றம் என்பதால் ஒரு பக்கம்தான் கம்பி. வெல்டிங் அண்ணாச்சி அதைப் பிடித்துத் தொங்கியே காட்டினார்.

“ஆனையக் கட்டுனாலும் தாங்கும் தாயி.”

மறுநாள் காலையில் பார்க்கிறேன், கம்பியின் நடுவில் ஒன்பது கஜப் புடவை ஒன்று சொட்டச் சொட்டத் தொங்குகிறது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். புடவை, கடைசி அறை மாமியுடையது. சாதாரணப் புடவை அல்ல, மடிப்புடவை. விடியுமுன் குளித்து, நனைத்துப் பிழிந்து உலர்த்தினால், மறுநாள் குளித்துவிட்டு மாமி எடுத்து உடுத்தும் வரை வேறு யார் கையும் அதில் படக்கூடாது. பெற்ற பிள்ளை தொட்டாலும் திரும்ப நனைக்க வேண்டியதுதான். உயரக் கொடியில் போடலாமே என்று கேட்டேன்.

“தோளைத் தூக்க முடியலையேடி. இந்தக் கம்பியை எனக்காகவே அளவெடுத்துப் போட்டாப்ல இருக்கு” என்றார் மாமி. பாராட்டுகிறாராம்.

சண்டை போட்டுப் பார்த்தேன், நடக்கவில்லை. நான்காம் நாள், புடவையிலிருந்து சொட்டிய தண்ணீரில் போஸ்ட்மாஸ்டர் சாருக்குக் கால் வழுக்கியது. முற்றத்துக்கு எதிர்ப்புறம் இருந்த அறை வாசலிலிருந்து நானே பார்த்தேன். கை சரியாகக் கம்பிக்குத்தான் போனது. புடவைக்கு ஒரு சாண் இருக்கும்போது நெருப்பைக் கண்டதுபோல் பின்வாங்கியது. மனிதர் விழுந்துவிட்டார். இடது மணிக்கட்டு முறிந்தது.

“பக்கத்துலதான கம்பி இருந்தது? பிடிக்க வேண்டியதுதான சார்?” என்று கத்தினேன்.

“மடியாச்சேம்மா. சின்ன வயசுல எங்கம்மா மடியைத் தொட்டுட்டு வாங்கின அடி கொஞ்சமா? கை தானா பின்னால வந்துடுத்து” என்றார். வலியிலும் அவர் முகத்தில் ஒரு பெருமை, தேர்வில் தேறியவர் மாதிரி. பிறகுதான் ஞாபகம் வந்து, “பம்பாய்க்குச் சொல்லிடாதே” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சொல்லாமல் இருக்க முடியுமா? எஸ்டிடி பூத்தில் நின்று மகளுக்குச் சொன்னபோது, காட்டிக்கொடுப்பதுபோல் இருந்தது. அந்த ஆத்திரத்தையெல்லாம் மாமி மேல் கொட்டினேன். “பிடிச்சிருக்கலாமே அவர். நான் இன்னொரு தரம் நனைச்சுப் போட்டிருப்பேனே” என்று மட்டும் சொன்னார் மாமி. அன்று அவர் சாப்பிட வரவில்லை. புடவையும் அதன்பின் கம்பிக்கு வரவில்லை.

மகள் வந்த அன்று மாலையே அப்பாவின் பெட்டியை அடுக்கிவிட்டார். சார் மிகவும் கெஞ்சியதன் பேரில் மகள் ஒரு பரீட்சை வைத்தார். மறுநாள் விடிகிற நேரத்தில், வழக்கமாக எழுந்ததும் போவதுபோல், அப்பா தனியாகப் பாத்ரூமுக்குப் போய்த் திரும்பி வர வேண்டும். வந்துவிட்டால் இங்கேயே இருக்கலாம்.

போகும்போது கம்பி வலப்பக்கம். சார் பைய, கம்பீரமாகவே போனார். திரும்பும்போதுதான் எங்கள் மூவருக்கும் உறைத்தது. கம்பி இப்போது இடப்பக்கம்; இடது கையிலோ மாவுக்கட்டு. பாத்ரூம் வாசலிலேயே நின்றுவிட்டார். அவர் வலது கை முற்றத்துப் பக்கம் காற்றில் எதையோ தேடியது. நான் ஓடப்போனேன். “யாரும் போகப்படாது” என்றார் மகள்.

பக்கத்துப் பெண்கள் பாத்ரூம் கதவு திறந்தது. மாமி குளித்து மடியாக, ஈரத் தலையோடு வெளியே வந்தார். அந்தக் கோலத்தில் அவர் பக்கத்தில்கூட நாங்கள் போகமாட்டோம். சாரைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், நேராகப் போய்க் கையை நீட்டினார்.

சார் பதறி ஓரடி பின்னால் வைத்தார். “மடியா இருக்கேளே.”

“மறுபடி குளிச்சுக்கறேன். பிடிச்சுக்கோங்கோ.”

பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், அந்த வராந்தா முழுவதையும் நடந்து வந்து சேர்ந்தார்கள்.

“இன்னிக்குச் சரி மாமி. தினமும் யார் பிடிச்சுப்பா?” என்றார் மகள்.

“முற்றத்துப் பக்கமும் தூண் நட்டுக் கம்பி போட வச்சிருதேன்” என்றேன் அவசரமாக. மாமி என்னைச் சட்டை செய்யவில்லை.

“கட்டுப் பிரிக்கறவரைக்கும் நான்தான். நாளைலேர்ந்து இவர் போயிட்டு வந்தப்பறம் குளிச்சுக்கறேன்.”

அறுபது வருடமாகச் சூரியன் எழுமுன் குளித்துப் பழகியவர். அதன் கனம் எனக்கு முழுதாகப் புரிந்திருக்காது. மகளுக்குப் புரிந்தது. அறைக்குள் போய்ப் பெட்டியைத் திறந்து, அப்பாவின் வேட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப அலமாரியில் வைக்கத் தொடங்கினார்.