திருக்கோவிலில் மூன்று பியர், ஒரு தீர்ப்பு

போன சனிக்கிழமை கல்முனை வழியாகத் திருக்கோவிலுக்குப் போனது சுற்றிப்பார்க்க அல்ல. நண்பன் சுதன் அங்கே கடற்கரையோரம் ஒரு சின்ன ஹோட்டல் நடத்துகிறான். ஒரு பியர் கம்பனி அவனுக்குக் கூலர் இலவசமாகத் தருவதாகச் சொல்லியிருந்தது. நிபந்தனை, இரண்டு வருடத்துக்கு அவர்களுடைய மஞ்சள் லேபல் லாகர் மட்டும்தான் விற்கவேண்டும். அவன் போனில் கேட்டபோது, "அது பியரே இல்லடா, கழனித்தண்ணி. கையெழுத்து வைக்காத" என்று சொல்லிவிட்டேன். அதை நம்பி, மனைவி வசந்தியின் காப்பை அடகு வைத்துச் சொந்தமாகக் கூலர் வாங்கத் தயாராகிவிட்டான். அன்று மாலை நான்கு மணிக்குக் கம்பனி ஆள் முடிவு கேட்டு வருவதாக இருந்தது.

நான் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவன். சொன்னதை நிரூபிக்க சிவப்பு, பச்சை, மஞ்சள் லேபல் லாகரில் ஒவ்வொரு போத்தல் மட்டக்களப்பில் வாங்கி, அடியில் மார்க்கரால் அதே வரிசையில் 1, 2, 3 என்று எழுதி, ஐஸ் பெட்டியில் வைத்தேன்.

காலை 9.40க்குக் கல்முனையில் இறங்கி, அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் ஓட்டோ பிடித்தேன். 38 கிலோமீட்டர், 4,000 ரூபாய் பேச்சு. சாய்ந்தமருது தாண்டும்போது டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்.

"தம்பி, பெட்டியால தண்ணி வடியிது. உள்ளுக்கு என்ன இரிக்கி?"

"பியர், நானா. மூணு சாதி. எது நல்லமெண்டு பாக்க."

ஓட்டோ ஓரமாக நின்றது.

"நேராச் சொன்னது நல்லம். ஆனா பின்னேரம் குர்ஆன் ஓதப்போற புள்ளையள் இந்த சீட்டிலதான் ஏறுவாங்க. ஏலாது தம்பி. காசி வேணாம், பஸ்ஸில போங்க." பெட்டியை இறக்கும்போது சிரித்தார். "குடிக்காத எனக்கே தெரியும், மூணும் ஒண்டுதான்."

குடிக்காதவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்க வாயெடுத்தேன். பொத்துவில் பஸ் வந்துவிட்டது.

150 ரூபாய், ஒரு மணி இருபது நிமிடம். ஒலுவில், பாலமுனை எல்லாம் நின்று நின்றுதான் போகும். இடப்பக்கம் இருந்தால் இடைக்கிடை கடல் தெரியும், அவ்வளவுதான்.

சுதன் பெட்டியைத் திறந்தபோது ஐஸ் உருகி, மூன்று லேபலும் கழன்று தண்ணீரில் மிதந்தன. போத்தல்களோ ஒரே அச்சு. ஒரு மணித்தியாலம் பிரிட்ஜில் வைத்து, ஐந்து பாகைக்கு வந்ததும் அவனே மூடிகளைத் திறந்து குப்பையில் போட்டு மூன்று கிளாஸில் ஊற்றி, ஒவ்வொரு போத்தலையும் அதனதன் கிளாஸுக்குப் பின்னால் வைத்தான்.

"இனி எதெண்டு எனக்கும் தெரியாது. நீ சொல்லு பாப்பம்."

"அடியில நம்பர் இருக்கு. முதல்ல குடிச்சுச் சொல்றன், பிறகு பார்."

முதல் கிளாஸ் சிவப்பு, நான் வழமையாகக் குடிப்பது. மோல்ட் மணம் தெளிவாக இருந்தது. இரண்டாவதில் ஒன்றுமில்லை, வெறும் காஸ், கழனி, அதுதான் மஞ்சள். மூன்றாவது பச்சை. சந்தேகமில்லாமல் சொன்னேன்.

சுதன் போத்தல்களைத் தூக்கி அடியைப் பார்த்தான். நான் புகழ்ந்தது 3, மஞ்சள். கழனி என்றது 1, சிவப்பு.

"டேய், ஆறு வருசமாக் குடிக்கிற உன்ட சாமானையே கழனி எண்டிட்டியே மச்சான்!"

வசந்தியைக் கிளாஸ்களை மாற்றி மாற்றி வைக்கச் சொன்னேன். ஐந்து தடவையில் ஒரு தடவைதான் சிவப்பைச் சரியாகப் பிடித்தேன். கண்ணை மூடிக்கொண்டு குத்துமதிப்பாகச் சொன்னாலும் அவ்வளவு வரும்.

மூன்றும் 4.8 சதவீதம்தான். லேபலில் சேர்மானமும் கிட்டத்தட்ட ஒன்றே. இந்தக் குளிரில் நாக்குக்கு வேறென்ன தெரியும்? இதை நான் போனிலேயே யோசித்திருக்கவேண்டும்.

"அப்ப வாறவர் வந்தாக் கையெழுத்து வைப்பமா?" என்று சுதன் கேட்டான்.

"ஓம், வை," என்றேன்.

வசந்தி காப்பை முழங்கைப் பக்கமாக ஏற்றிவிட்டுக்கொண்டு கிளாஸ்களை எடுத்தாள். "இனி இவர்ட்ட தண்ணியப் பத்தி மட்டும் கேளுங்க."

நான்கரைக்குக் கம்பனி ஆள் கையெழுத்தான பத்திரத்தை மடித்துக்கொண்டு போனார்.

போகிறவர்களுக்கு: ஓட்டோவில் ஏறுமுன்பே பெட்டிக்குள் இருப்பதைச் சொல்லிவிடுங்கள், அந்த மனிதர் சாய்ந்தமருதுவரை வீணாக ஓடியிருக்கிறார். ஒட்டிய லேபலை ஐஸில் நம்பவேண்டாம். நண்பன் எந்த லாகர் வாங்கலாம் என்று கேட்டால், உறுதியாக எதையும் சொல்வதற்கு முன் மூன்று கிளாஸ் கேளுங்கள். என் உறுதியால் ஒரு காப்பு அடகுக்கடைவரை போகப் பார்த்தது.