ஜவாஹிரின் இடது கால்

ரபீக்கா மௌத்தாகிவிட்டாள் என்று கேள்விப்பட்டு நான் ஓடிப்போனபோது, ஜவாஹிர் வாசலில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தான். கண்ணில் ஒரு சொட்டு ஈரமில்லை. என் கையைப் பிடித்து இழுத்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

“ஜவ்பர், கபுறு எவ்வளவு ஆழம் வெட்டுறாங்க?”

மனைவியைப் பறிகொடுத்தவன் கேட்கிற கேள்வியா இது? பக்கத்தில் நின்றவர்கள், பாவம், மூளை குழம்பிவிட்டது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு விளங்கியது. அவனுடைய இடது முழங்கால் மடங்காது. அந்தக் குழிக்குள் இறங்கி அவளைத் தன் கையால் வைக்கவேண்டும். அதை அவளே அவனிடம் கேட்டிருந்தாள்.

இன்று கிண்ணியாவில் பந்து உதைக்கிற பிள்ளைகளுக்கு ஜவாஹிர் யாரென்று தெரியாது. பள்ளியில் கடைசி வரிசையில் கதிரை போட்டுத் தொழுகிற ஒரு வயசுபோன காக்கா, அவ்வளவுதான். எங்கள் காலத்தில் அவன் ஒன்பதாம் நம்பர். கோல் கம்பத்துக்குக் கிட்ட பந்து அவன் இடது காலுக்கு வந்துவிட்டால், கோல் காக்கிறவன் கடைசிக் கலிமா சொல்லிக்கொள்ளலாம் என்று ஊரில் பகிடி விடுவார்கள். நான் பின்னுக்கு நின்று, வருகிறவன் காலை வாருகிற ஆள். என்னை எந்தக் கழகமும் தேடி வரவில்லை. அவனைக் கொழும்பிலிருந்து வந்து கூட்டிப்போனார்கள், மாதச் சம்பளத்துக்கு. பந்து விளையாடுவதற்குச் சம்பளமா என்று அவனுடைய வாப்பா கடைசிவரை நம்பவில்லை. குடாவில் இறால் பிடித்தே காலம் கழித்த மனுசன். மகன் கொழும்பில் வேறு என்னவோ செய்கிறான் என்றே நினைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்.

அது யுத்த காலம். ஊருக்கு வருவதென்றால் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறங்கி ஏறவேண்டும். ஆனாலும் லீவு கிடைத்தால் வந்துவிடுவான். அப்படி வந்த ஒரு தடவைதான் ரபீக்காவைக் கலியாணம் முடித்தான்.

பெரிய கப்பின் அரையிறுதியில் அவனுடைய முழங்கால் திருகிவிட்டது. இறுதியாட்டத்துக்குச் சில நாட்கள்தான் இருந்தன. அப்போது ஊரில் டெலிபோன் இருந்த ஒன்றிரண்டு கடைகளில் எங்கள் கடையும் ஒன்று. ரபீக்கா பிள்ளை வயிற்றோடு வந்து நின்று கதைத்தாள்.

“விளையாடாதீங்க. கப்பு அடுத்த வருசமும் வரும். கால் வருமா?”

மறுபக்கம் அவன் ஏதோ சொன்னான். அவள் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“ஒரு மெட்ச்தானே புள்ள எங்கிறாரு. ஊசி போட்டா நோகாதாம்.”

ஊசி போட்டார்கள். இடைவேளையில் இன்னொன்றும் போட்டார்கள். அவன் கோல் அடித்தான், கப்பு வந்தது. ஊசி நோவைத்தான் மறைத்தது, முழங்காலுக்குள் மிச்சமிருந்த ஜவ்வும் அந்த ஆட்டத்தோடு அறுந்துபோனது. அந்த ஊசியைக் குத்திய கையை நான் இன்றைக்கும் சபிக்கிறேன்.

கிண்ணியாவுக்குப் பாலம் வராத காலம். ‘பாதை’ என்கிற இரும்புத் தெப்பத்தில்தான் குடாவைக் கடக்கவேண்டும். அவன் வந்த அன்று துறையடியில் ஊரே திரண்டு நின்றது. பாதை கரை தட்டியதும் நாங்கள் பாய்ந்து அவனைத் தோளில் தூக்கினோம். அவன் குனிந்து என் காதுக்குள் சொன்னான்.

“இறக்கிடாத ஜவ்பர். வீடுவரைக்கும் தூக்கிட்டுப் போ.”

கொழும்புக்குப் போனதும் பெரிய மனுசனாகிவிட்டான் என்று நினைத்து உள்ளுக்குள் எரிச்சலோடுதான் தூக்கிப்போனேன். வாசலில் இறக்கப்போனபோது ரபீக்கா ஓடிவந்தாள். கப்பைப் பார்க்கவில்லை, அவன் முகத்தையும் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தாள்.

“கீழ விடாதீங்க. அவருக்கு நிக்க ஏலாது.”

ஊர் முழுக்கப் பார்த்தும் ஒருவருக்கும் தெரியாதது அவளுக்குத் தெரிந்தது.

கழகம் அவனைக் கறிவேப்பிலையாக எடுத்து எறிந்தது. காலம் தப்பிச் செய்த ஒப்பரேஷன் முழங்காலைக் கட்டையாக்கிவிட்டது. துறைமுகப் பக்கத்துக் களஞ்சியம் ஒன்றில் வாசல் காவல் வேலை கிடைத்தது. ரபீக்கா கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்தாள். மகள் ரிப்காவை வளர்த்து, அஸ்ஹானுக்குக் கட்டிக்கொடுத்தார்கள்.

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இராது என்பார்கள். பின்னேரங்களில் மைதானத்து ஓரம் வந்து நிலத்தில் இருந்து ஆட்டம் பார்ப்பான். இருப்பது சுகம், எழும்புவதுதான் பாடு. நாங்கள் கை நீட்டினால் தட்டிவிடுவான். ஊன்றுகோலும் வாங்க மாட்டான். மஃரிபுத் தொழுகைக்கு முன்னால் ரபீக்கா வந்து அவன் பக்கத்தில் குந்துவாள். அவளுடைய தோளில் உள்ளங்கையை ஊன்றி ஒரே எம்பில் எழும்பிவிடுவான். பாயிலிருந்து எழும்பவும் அந்தத் தோள்தான். அவளுக்கு வலது தோள் கொஞ்சம் சரிந்தே போயிருந்தது.

சீனி வருத்தம் முற்றி அவள் படுக்கையில் விழுந்தபின், நான் போயிருந்த ஒரு நாள் அவனைச் சீண்டினாள்.

“கப்பு உங்களுக்கு, கால் எனக்கு. இத்தனை வருசம் நான் உங்களத் தூக்கினன். கபுறுக்க வைக்கக்குள்ள முதல் கை உங்கட கையா இருக்கணும். அந்த ஒருக்கா நீங்க என்னைப் புடிங்க.”

“ஓம் புள்ள” என்றான்.

ஜனாஸாத் தொழுகையில் நெற்றியை நிலத்தில் வைக்கிற சுஜூது கிடையாது, நின்றே தொழுவது. அன்று அவன் கதிரையைத் தள்ளிவிட்டு முன் வரிசையில் நின்றான். மையவாடியில் நெஞ்சளவு ஆழத்துக்கு வெட்டியிருந்தார்கள். அஸ்ஹான் முதலில் இறங்கினான். மௌலவி ஜவாஹிரின் தோளைத் தொட்டார்.

“காக்கா, மருமகன் இறங்கினாப் போதும். உங்களுக்கு ஏலாது.”

அவன் குழி விளிம்பில் இருந்து இடது காலை நீட்டினான். நான் அவன் கக்கத்தில் கை கொடுத்தேன். தட்டிவிட்டான். மணல் சரியச் சரிய, அப்படியே வழுக்கி உள்ளே இறங்கினான்.

சந்தூக்குப் பெட்டியிலிருந்து ரபீக்காவை இறக்கினோம். முதலில் பிடித்தது அவன்தான். வலது காலில் முழந்தாளிட்டு, கட்டைக் காலை ஒருபக்கம் நீட்டிக்கொண்டு, மக்கா இருக்கிற கிப்லாப் பக்கம் சரித்து வைத்தான். கபன் துணியின் முடிச்சுகளை அவிழ்த்தான். அவளுடைய கன்னத்தை மண்ணோடு சேர்த்து வைத்தான். அவள் கேட்டதைச் செய்துவிட்டான்.

அவளுக்கு மேலே பலகை வைக்க வேண்டும், இனி எழும்பவேண்டும். அவன் வழமைபோல உள்ளங்கையை அவளுடைய தோளில் ஊன்றினான். எம்பப் பார்த்தான்.

அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. கையை எடுக்காமல் அப்படியே இருந்தான். “புள்ள” என்றான். மேலே நின்ற எங்களுக்கு யார் முகத்தை யார் பார்ப்பது என்று தெரியவில்லை. நான் வாய்விட்டு அழுதேன்.

கொஞ்ச நேரத்தில் கையை எடுத்தான். தன் உள்ளங்கை பட்டுக் கசங்கிய கபன் துணியை மெதுவாக நீவிச் சரிசெய்தான். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து இரண்டு கைகளையும் நீட்டினான்.

“ஜவ்பர், என்னைத் தூக்கு. எனக்குத் தனிய எழும்ப ஏலாது.”