என் பேரில் போன கிட்டார்

எனக்குப் பத்து வயதில் மாமா செய்த அநியாயத்தை நான் லேசில் மறந்துவிடவில்லை. மாமா என்றால் அம்மாவின் தம்பி. மஹய்யாவையில் எங்களோடுதான் இருந்தார். மற்ற நாட்களில் புடைவைக்கடையில் துணி அளப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டுகஸ்தோட்டையில் ஒரு டயர் கடைக்குப் பின்னால் ஒத்திகை பார்க்கும் ரொக் பேண்டில் லீட் கிட்டார் வாசிப்பார். யுத்த காலம் அது.

ஒரு வாரம் திடீரென்று என்னைக் கூப்பிட்டு, மடியில் கிட்டாரை வைத்து, பென்டடோனிக் என்று ஐந்தே ஐந்து சுரங்களைக் காட்டினார்.

"ரொக், மெட்டல் எல்லாத்துக்கும் இதுதான் புள்ள அத்திவாரம். ஏறி எறங்கு, போதும்."

விரல் நுனி கன்றிப்போகும்வரை ஏறி இறங்கினேன். ஞாயிறு வந்தது. வீட்டுக்குள் அந்தச் சத்தமே கேட்கக்கூடாது என்று கத்தும் அம்மா, எனக்கு இரட்டைப் பின்னல் போட்டு, ரிப்பன் கட்டி, தானாகவே அவரோடு அனுப்பி வைத்தார்.

பாலத்துக்கு முன்னால் சோதனைச் சாவடி. நீளமான கறுப்புப் பெட்டியைக் கண்டதும் துப்பாக்கிக்காரர் ஒருவர் மறித்தார். மாமா பெட்டியைத் திறந்து காட்டி, கிட்டார் பிள்ளையுடையது, வகுப்புக்குக் கூட்டிப் போகிறேன் என்று சிங்களத்தில் சொன்னார். வாசி பார்ப்போம் என்றார் அவர். ஐந்து சுரத்தையும் வாசித்தேன். அம்ப்ளிஃபயர் இல்லாத எலெக்ட்ரிக் கிட்டார் கொசு மாதிரி முனகியது. அவர் சிரித்து, என் கன்னத்தைத் தட்டி, போகச் சொன்னார். எனக்கு அதொன்றும் பெரிதாகப் படவில்லை. கிட்டார் என்னுடையது என்று மாமா ஊரறியச் சொல்லிவிட்டாரே!

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அவரோடு போனேன். ஆனால் டயர் கடைக்குள் போனதும் கிட்டாரைத் தொட விடமாட்டார். ஒரு பழைய டயர்மேல் உட்காரவைத்து, தின்பதற்குக் கையில் பணிஸ் ஒன்றைத் திணித்துவிடுவார். அவர் மட்டும் கம்பியை விரலால் தள்ளி வளைத்து அழ வைப்பார். அதே ஐந்து சுரங்கள் அவர் கையில் சீறும், அலறும்.

"அந்த வளைக்கிறத எனக்குஞ் சொல்லித் தாங்க மாமா" என்று வாராவாரம் கெஞ்சினேன்.

"ஒனக்கு இது போதும்" என்பார்.

போதுமாம்! திரும்பி வரும்போது சாவடியில் மட்டும் கிட்டார் மறுபடி என்னுடையதாகிவிடும்.

ஒரு ஞாயிறு எனக்குப் பொறுமை போய்விட்டது. கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டு, "சொல்லித் தந்தாத்தான் வருவேன். சும்மா பணிஸ் திங்க வரமாட்டேன்" என்றேன். அம்மா கெஞ்சிப் பார்த்தார், மிரட்டிப் பார்த்தார். கடைசியில் மாமாவிடம், "இன்னைக்கி ஒரு நாளு போகாட்டி என்னாடா?" என்று கேட்டார். அடுத்த வாரம் மாமாவின் பேண்ட் மேடையேற இருந்தது. மாமா பெட்டியைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போனார்.

சாவடியிலேயே பிடித்து வைத்துக்கொண்டார்கள். மறுநாள் பின்னேரம்தான் விட்டார்கள். சட்டையில் பொத்தான்கள் இல்லை, உதடு வீங்கியிருந்தது, கையில் பெட்டியும் இல்லை. அம்மா அவரைக் கட்டிக்கொண்டு அழுதார். நான் நடுவில் புகுந்து கேட்டேன்.

"என் கிட்டார் எங்க மாமா?"

அம்மா பளாரென்று அறைந்தார். மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடுக்கா. அவளுக்கு என்னா தெரியும்?"

எப்படித் தெரியும்? யாராவது சொன்னால்தானே? பிறந்து வளர்ந்த ஊரின் வீதியில் ஒருவர் கிட்டாரோடு நடந்து போக, ஒரு சின்னப் பிள்ளையின் இரட்டைப் பின்னல் துணைக்கு வேண்டியிருந்தது. நினைக்கும்போது இப்போதும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. அன்றைக்கு நான் அதற்காக அழவில்லை. என் கிட்டாரை எங்கேயோ தொலைத்துவிட்டு வந்தவருக்குச் சுடச்சுடத் தேத்தண்ணீர் கொடுத்து, கேள்வி கேட்ட என்னை அடித்துவிட்டார்களே என்றுதான் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதேன்.