கப்பல் போன பிறகு வந்த தீர்ப்பு

துறைமுகத்தில் அவரை எல்லோரும் மிதவை என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருடமாகப் படகில் முகத்துவாரத்துக்குப் போய், கருவியைத் தண்ணீரில் இறக்கி, நீரோட்டம் எந்தப் பக்கம், என்ன வேகம் என்று நோட்டில் எழுதுவது அவர் வேலை. அந்த நோட்டுகளை யாராவது படிக்கிறார்களா என்று அவர் கேட்டதில்லை.

படித்திருக்கிறார்கள் என்று ஒருநாள் தெரிந்தது. அணு உலைக் கழிவை அந்தத் துறைமுகத்திலிருந்து கப்பலில் அனுப்பப் போகிறார்கள். அதற்கான சுற்றுச்சூழல் ஆய்வறிக்கை அலுவலகத்துக்கு வந்திருந்தது. சாப்பாட்டு நேரத்தில் புரட்டினார். ‘கசிவு ஏற்பட்டாலும் நீரோட்டம் கரையை விட்டு விலகியே செல்லும்’ என்று எழுதி, ஆதாரமாக அவருடைய அளவுகளைப் போட்டிருந்தார்கள். ஒரே ஒரு மாதத்து அளவு. வருடத்தில் ஏழு மாதம் நீரோட்டம் நேரே மீனவர் குடியிருப்புப் பக்கம் திரும்புவதை அவரே கைப்பட எழுதியிருக்கிறார்.

குடியிருப்பு மக்கள் ஏற்கெனவே வழக்குப் போட்டிருந்தார்கள். அவர்களுடைய வக்கீலம்மாவின் மேஜையில் நோட்டுகளின் நகலைக் கொண்டுபோய் வைத்தார்.

“சாட்சி சொன்னா வேலைக்கு ஆபத்து. நல்லா யோசிச்சுக்கங்க.”

“இதுல யோசிக்க என்னம்மா இருக்கு? என் எழுத்தை வச்சே பொய் சொல்லியிருக்காங்க.”

வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்ட மறுநாள் மனைவியின் தம்பி வந்தான். துறைமுகத்தில் மேலாளர். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“உங்களுக்கு ஏன் அத்தான் இந்த வேண்டாத வேலை? என் தலையையும் சேர்த்து உருட்டுறீங்களே!”

“உன் தலை பத்திரமா இருக்கும்டா. நீதான் எதையும் படிக்கிறதில்லையே.”

அன்று போனவன் பிறகு அக்காள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அவளோ கணவரைக் குறை சொல்லவில்லை. தம்பியைப் பற்றிப் பேசுவதையும் விட்டுவிட்டாள். அந்த வாரமே மிதவையைக் கிடங்குக்கு மாற்றினார்கள். கயிற்றுச் சுருளையும் பெயிண்ட் டப்பாவையும் எண்ணிக்கொண்டிருந்தார்.

வழக்கு மூன்று முறை தள்ளிப்போனது. அரசு வக்கீலுக்குக் காய்ச்சல், கோப்பு வந்து சேரவில்லை, நீதிபதிக்கு மாற்றல். இதற்கிடையில் ஒரு காலையில் கப்பல் சாவகாசமாகக் கிளம்பிப் போனது.

விசாரணை பத்து நிமிடம்கூட ஓடவில்லை.

“அறிக்கையில குறை இருக்கலாம்,” என்றார் புதிய நீதிபதி. “ஆனா கப்பலே போயிடுச்சே. இப்ப எதைத் தடுக்கச் சொல்றீங்க?”

மனு தள்ளுபடி ஆனது. வாசலில் வக்கீலம்மா ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தார். “விடுங்கம்மா,” என்று சொல்லிவிட்டு அவர் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்.

அடுத்த வருடம் இரண்டாவது கப்பலுக்கு அறிக்கை வந்தது. முதல் கப்பல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததாம், நீதிமன்றமும் தடுக்கவில்லையாம். கடந்த ஓராண்டில் நீரோட்டம் கரைப்பக்கம் திரும்பியதாகப் பதிவு எதுவும் இல்லையாம். எப்படி இருக்கும்? அவரை மாற்றிய பிறகு அந்த வேலைக்கு யாரையும் போடவே இல்லை.

மறுபடியும் வழக்கு. மறுபடியும் போய்க் கையெழுத்துப் போட்டார். தொழில் என்ற இடத்தில் ‘கிடங்கு உதவியாளர்’ என்று எழுத வேண்டியிருந்தது. எதிர்த்தரப்பின் பதில் மனு அதைத்தான் முதலில் பிடித்துக்கொண்டது: கிடங்கில் சாமான் எண்ணுகிறவருக்கு நீரோட்டத்தைப் பற்றி என்ன தெரியும்?