எலும்புக் கரியில் வெந்த பின்

இஞ்சின் என்ற வார்த்தையைக் கேட்டாலே இப்போதும் எனக்கு அலுப்புத் தட்டும். புதுச்சத்திரத்துத் தோட்டத்தில் எண்ணெய் இஞ்சினைக் கிணற்றடியில் நிறுத்திய வருஷமே, கவலை இறைத்த மாடுகளை விற்றுவிட்டேன். இனி மாடு எதற்கு என்ற திமிர். சண்டைக் காலம் வந்து சீமைச் சாமான் நின்றுபோனதும் அந்தத் திமிர் அடங்கியது. பிஸ்டனை ராடோடு சேர்க்கும் ‘பின்’ என்ற இரும்பு முளை தேய்ந்து, இஞ்சின் டொக்டொக்கென்று தட்ட ஆரம்பித்தது. இரண்டு ஏக்கர் மஞ்சள் பயிர் தண்ணீருக்கு ஏங்கி நின்றது. மழையும் ஏமாற்றிவிட்டது.

சேலத்தில் ஒரு பிட்டர் சாதா இரும்பில் புதுப் பின் கடைந்தார். அதை ஒரு பெட்டியில் வைத்து, அடுப்புக் கரியும் சுட்ட எலும்புப் பொடியும் திணித்து, களிமண் பூசி மூடி, பகல் முழுக்க உலையில் போட்டார். வெளியே எடுத்துத் தண்ணீரில் தோய்த்த பிறகு அரத்தை வைத்து இழுத்துக் காட்டினார். அரம் வழுக்கிக்கொண்டு போனது.

“மேல்தோல் மட்டுந்தானுங்க கெட்டி. உள்ளே பச்சை இரும்பு. மாட்டற வரைக்கும் கிரீஸைத் தொடைச்சுப் போடாதீங்க” என்றார். கண் வைத்தியத்துக்காக என்னோடு வந்திருந்த என் மனைவியும் அதைக் கேட்டாள்.

மறுநாள் ஆயுத பூஜை. அன்று இஞ்சினைத் தொடக் கூடாது. எலும்புக் கரியில் வெந்ததை அப்படியே சாமி முன்னால் வைக்க எனக்கு மனசு வரவில்லை. கிரீஸைத் துடைத்து, புளியும் உப்பும் போட்டு, குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோலத் தேய்த்துக் கழுவினேன்.

“வேண்டாமுங்க. அவரு அத்தனை தூரம் சொன்னாருங்களே” என்றாள்.

“தீட்டோட வெக்கச் சொல்றியா?” என்று எரிந்து விழுந்தேன். ஈர மஞ்சளும் சந்தனமும் பூசிப் படத்தின் முன்னால் வைத்தேன்.

விஜயதசமி காலையில் பார்த்தால் சொறி பிடித்த மாதிரி துரு. பிட்டரிடமே கொண்டுபோகலாம் என்றாள். எனக்கு வெட்கம். கத்திக்குச் சாணை பிடிப்பவர் ஊருக்குள் வந்திருந்தார். அவரிடம் கொடுத்தேன். துரு போய்ப் பளபளவென்று ஆகிவிட்டது. அதைத்தான் மாட்டினேன். மூன்றாம் நாள் பழைய தட்டல் திரும்பியது. ஐந்தாம் நாள் இஞ்சின் நின்றே போனது.

மறுபடியும் சேலத்துக்குப் போனோம். பிட்டர் அதே அரத்தை வைத்தார். இந்த முறை அரம் கடித்தது, இரும்புத் தூள் உதிர்ந்தது.

“யாருங்க இதைச் சாணை புடிச்சது?”

“ஊட்டுல தெரியாமக் குடுத்துட்டாங்க” என்றேன். வாயில் தானாக வந்துவிட்டது.

பிட்டர் அவளைப் பார்த்தார். ஒற்றைக் கண்ணில் கட்டோடு நின்றவள் சொன்னாள்: “ஆமாங்க, நாந்தானுங்க. துருவைப் பாத்துப் பயந்துட்டேன்.”

கடையில் வேலை குவிந்து கிடந்தது. அடுத்த பின் கைக்கு வர ஒரு மாதம் ஆயிற்று. அதற்குள் மஞ்சள் சுருண்டுவிட்டது. தோண்டிப் பார்த்தால் கிழங்கு சுண்டுவிரல் பருமன்கூட இல்லை. நஷ்டம் போகட்டும். அவள் வீட்டில் ஒரு நாளும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அடுத்த ஆயுத பூஜைக்கு, உபரியாகச் செய்து வைத்திருந்த ஒரு பின்னை அவளே எடுத்து வந்தாள். கிரீஸோடு அப்படியே வைத்து, அதன் மேலேயே குங்குமப் பொட்டு வைத்தாள்.

“கை கழுவிட்டு வாங்க, சூடம் காட்டலாம்” என்றாள்.

கை கழுவப் போனவன் தொட்டியடியிலேயே வெகுநேரம் நின்றுவிட்டேன்.