மெழுகுக் குண்டு

என் மேசை இழுப்பறையில் ஒரு மெழுகுத் துண்டு கிடக்கிறது. சுண்டுவிரல் நுனியளவு, பழுத்த மஞ்சள். ஏப்ரல் வெயிலில் லேசாக இளகும், மழை வந்ததும் இறுகிக்கொள்ளும். குழந்தை கையில் விளையாடக் கொடுத்துவிடலாம் போலிருக்கும். அதைத் துப்பாக்கிக் குண்டாகச் செய்தவர் மச்சான்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். இங்கே பர்மாவில், பசுந்தாங் ஓடைக்கரையில் ஓர் அரிசிக் கிடங்குக்குக் காவல். முதலாளி தன் பழைய ரிவால்வரைக் கொடுத்து, சுவரேறி வருகிறவனைச் சுடு என்றார். மச்சான் அதை இடுப்பில் செருகிக்கொண்டு, வந்தவர்களையெல்லாம் விசில் ஊதியே விரட்டினார். விசிலுக்கா சம்பளம் என்று முதலாளி சீறினார். வேலையையும் விட முடியாது, ஒருவனைக் கொல்லவும் முடியாது. அப்போதுதான் அந்த யோசனை வந்தது: ஈயத்துக்குப் பதில் மெழுகு. கடை மெழுகு இந்த ஊர் வெக்கையில் கொழகொழத்துத் தோட்டாவில் நிற்கவில்லை. கடைசியில் வீட்டு அலமாரியிலிருந்து மந்திரித்த மெழுகுதிரிகளை எடுத்தார். இடி மின்னலுக்கும் சாவுக்கட்டிலுக்கும் ஏற்றவென்று மாதா கோயிலில் வாங்கி வைத்தவை. அந்த மெழுகு நின்றது. கோயில் மெழுகு யாரையும் ஒன்றும் செய்யாது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

ஈரத்துண்டைத் தொங்கவிட்டுச் சுட்டுப் பார்த்தார். பிறகு, சொன்னால் நம்பமாட்டீர்கள், தன் தொடையிலேயே சுட்டுக்கொண்டார். கைலியை வழித்துக் காட்டினார். நாவற்பழம் போல் கன்றியிருந்தது.

"வலிக்குது மாப்பிள்ளை. ஆனா சாகல பாரு!"

"மூஞ்சியில வச்சுப் பாக்கவேண்டியதுதானே," என்றாள் என் மனைவி. "கோயில் திரியில குண்டு செஞ்ச ஆளு உலகத்துல நீ ஒருத்தன்தாண்ணே."

மூவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் கிடக்கிறது.

மழைக்கால மாலை ஒன்றில் ஒருவன் சுவரேறிக் குதித்தான். மச்சான் காலைக் குறிவைத்துச் சுட்டார். அதே நொடியில் குதித்தவன் சேற்றில் வழுக்கி முகம் தாழ விழுந்தான். 'அமே' என்று பர்மியத்தில் தாயைக் கூப்பிட்டான். மெழுகு பட்டு இடது கண் போயிற்று. அவனைத் தோளில் சுமந்து ஆஸ்பத்திரிக்கு ஓடியவரும் மச்சான்தான். மறுநாள் ரிவால்வரை முதலாளியிடம் வைத்தார். மிச்சக் குண்டுகளை ஓடையில் எறிந்தார். ஒன்றை மட்டும் என்னிடம் தந்தார்.

"ஈயமா இருந்திருந்தா சுட்டே இருக்கமாட்டேன் மாப்பிள்ளை. மெழுகுதானேன்னு சுட்டுட்டேன்."

அதன்பிறகு வீட்டுக்குள் மந்திரித்த திரி எதையும் அவர் வரவிடவில்லை. போன மழையில் சாகக் கிடந்தார். கையில் கொடுக்கத் திரி இல்லை. "அந்த மெழுகுக் குண்டையாவது கொண்டாங்க," என்றாள் மனைவி, அழுதுகொண்டே. கொண்டுபோனேன். ஊசியால் துளைத்து நூலைத் திரியாகக் கோக்கப் போனாள். மச்சான் கண் விழித்தார். மெழுகைப் பார்த்தார். உள்ளங்கையால் தன் இடது கண்ணைப் பொத்திக்கொண்டார். மனைவி ஊசியை உருவிவிட்டாள்.

இழுப்பறையில் அது இப்போதும் கிடக்கிறது. பக்கவாட்டில் ஓர் ஊசித் துளை. இந்த ஏப்ரலிலும் அது மூடிக்கொள்ளவில்லை.